குழந்தைகளின் தோல் பராமரிப்பு: பர்மாவில் வாழும் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரங்கூன், மோல்மேன், பெகு, தட்டோன் முதலிய ஊர்களிலும் அவற்றைச் சுற்றிய கிராமங்களிலும் வாழும் நம் குடும்பங்களில் குழந்தைகளுக்கு வரும் தோல் தொல்லைகளில் பெரும்பாலானவை உயிருக்கு ஆபத்தில்லாதவை. எதைப் பூசுகிறோம், எவ்வளவு நாள் பூசுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அவற்றுள் பல முற்றுகின்றன. கீழே உள்ள விடைகள் பொதுவானவை. இரண்டு மாதத்திற்கு உட்பட்ட சிசுவுக்கு எந்த மருந்தையும் மருத்துவரிடம் காட்டாமல் பூசக் கூடாது.

பிறந்த குழந்தையை எப்போது முதன்முதலாகக் குளிப்பாட்டலாம்?

பிறந்து 24 மணி நேரம் கழித்துக் குளிப்பாட்டுமாறு உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. பிறக்கும்போது உடலில் ஒட்டியிருக்கும் வெண்ணெய் போன்ற வெள்ளைப் பூச்சு அழுக்கன்று. அது தோலைக் கிருமியிலிருந்தும் வறட்சியிலிருந்தும் காக்கிறது. முதல் வாரத்தில் கை கால்களில் தோல் உரிவதும், இரண்டாம் மூன்றாம் நாளில் சிவந்த திட்டுகளும் அவற்றின் நடுவே சிறு பொட்டுகளும் தோன்றி மறைவதும், முதுகின் அடிப்பகுதியில் நீல நிறத் திட்டு இருப்பதும் இயல்பானவை. அந்த நீலத் திட்டு அடிபட்ட காயமோ, யாரும் கிள்ளியதன் அடையாளமோ அன்று. சில ஆண்டுகளில் தானாக மங்கிவிடும்.

நம் ஊர் வெப்பத்தில் நாள்தோறும் குளிப்பாட்டலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். பயத்தமாவையும் கடலைமாவையும் போட்டுத் தேய்த்து ரோமத்தை உதிர்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுவது நல்லது. உதிர வேண்டிய ரோமம் தானே உதிரும், தேய்த்த தோல்தான் புண்ணாகும். குளித்தபின் சாம்பிராணிப் புகை காட்டுவது தோலுக்கு எந்த நன்மையும் செய்வதில்லை, சிசுவின் மூச்சுக்குழாய்க்குக் கெடுதல் செய்கிறது. பாட்டிமார் வருத்தப்பட்டால் பூஜை அறையில் காட்டிக்கொள்ளலாம்.

எண்ணெய் தேய்க்கலாமா? எந்த எண்ணெய்?

தேய்க்கலாம். கலப்படமில்லாத தேங்காய் எண்ணெய் நல்ல தேர்வு. மிதமான கரப்பான் (தோல் வறண்டு அரிக்கும் நீண்டகாலத் தொல்லை) உள்ள குழந்தைகளுக்கு அது பயன்படுவதாகப் பிலிப்பைன்சில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. கடுகெண்ணெய் எரிச்சல் தரும்; ஆலிவ் எண்ணெய் விலை உயர்ந்தது என்பதால் சிறந்தது என்று எண்ண வேண்டாம், அது தோலின் மேலடுக்கைப் பலவீனப்படுத்துகிறது. குளிப்பதற்கு முன் தேய்த்துச் சோப்பால் கழுவிவிடுவதைவிட, குளித்துத் துவட்டிய ஈரம் காயுமுன் மெல்லிதாகப் பூசுவதில்தான் பலன் அதிகம். உடலில் வேர்க்குரு இருக்கும்போது எண்ணெய் வேண்டவே வேண்டாம். உச்சந்தலையில் மஞ்சளாகப் பொருக்குக் கட்டியிருந்தால், எண்ணெயில் அரை மணி நேரம் ஊறவைத்து, மென்மையான சீப்பால் வாரி, தலையைக் கழுவிவிட்டால் போதும். நகத்தால் பெயர்க்கக் கூடாது.

குழந்தையின் கன்னத்தில் தனாக்கா பூசுவது நல்லதா?

இந்த நாட்டில் பிறந்து வளரும் எந்தக் குழந்தையும் தனாக்கா என்னும் மரச்சாந்து இல்லாமல் வளர்வதில்லை. பர்மியக் குடும்பங்களோடு பழகிப் பழகி நம் தாய்மாரும், வட்டக் கல்லில் சிறிது தண்ணீர் விட்டுக் கட்டையை உரைத்து, ஓரப் பள்ளத்தில் வழியும் சாந்தை விரலால் வழித்து இரு கன்னங்களிலும் அப்பிய பிறகுதான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். நம் சித்த வைத்தியர்கள் மகாவில்வம் என்று சொல்லும் மரமும் விளா மரமுமே பெரும்பாலும் இதற்குப் பயன்படுகின்றன என்பதால், நமக்கும் இது முற்றிலும் அந்நியமான பொருளன்று.

ஆரோக்கியமான தோலில், வீட்டில் புதிதாக அரைத்த சாந்தை மெல்லிதாகப் பூசுவதால் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தீங்கு ஏற்படுவதில்லை. குளிர்ச்சி தருகிறது என்பதும் உண்மையே. ஆனால் நான்கு செய்திகளைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். முதலாவது, தனாக்கா வெயிலை முழுவதுமாகத் தடுக்கும் என்பது தவறான நம்பிக்கை. தொப்பியும் குடையும் நிழலும் செய்யும் வேலையை அது செய்யாது. இரண்டாவது, அது உலரும்போது தோலின் ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால் கரப்பான் உள்ள கன்னம் மேலும் வெடிக்கும். மூன்றாவது, படர்தாமரையின் மேலும் சிரங்குப் புண்ணின் மேலும் தனாக்காவை அப்பி மறைத்துவிடுவதால் நோய் வாரக்கணக்கில் கண்ணில் படாமல் பரவுகிறது. பல பிள்ளைகளுக்கு நோய் முற்றுவதற்கு இதுவே காரணம்.

நான்காவது செய்தி ஈயத்தைப் பற்றியது. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் குடியேறியிருந்த பர்மிய அகதிக் குழந்தைகள் 197 பேரைப் பரிசோதித்தபோது 14 பேரின் இரத்தத்தில் ஈயம் அளவுக்கு மீறி இருந்தது. செரிமானத்திற்குக் கொடுக்கப்பட்ட ‘தாவ் த்வே’ என்ற நாட்டு மருந்தில் ஈயம் மிகுதியாக இருந்தது. அந்த மருந்தைக் கொடுப்பதோடு, நாள்தோறும் தனாக்கா பூசுவதும் இரத்தத்தில் ஈயம் உயர்ந்திருப்பதோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. மரம்தான் குற்றவாளி என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. இருந்தாலும் கன்னத்தை நக்கும், விரல் சூப்பும் வயதுக் குழந்தைக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாத டப்பாச் சாந்தையும் பொடியையும் பூசாமல், கட்டையை வாங்கிக் கழுவிய கல்லில் அன்றன்றைக்கு அரைப்பதும், வாயைச் சுற்றியும் கைகளிலும் பூசாமல் விடுவதும் அறிவுடைமை.

திருஷ்டிப் பொட்டு, கண்மை, அரைஞாண் கயிறு ஆகியவற்றால் கெடுதல் உண்டா?

கடையில் விற்கும் சில கண்மைகளிலும் சுர்மாவிலும் ஈயம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. எனவே கண்ணுக்குள் மை தீட்டுவது வேண்டாம். கன்னத்திலோ உள்ளங்காலிலோ திருஷ்டிக்காகப் பொட்டு வைக்க வேண்டுமென்றால், வீட்டில் அரிசியைக் கருக்கிச் செய்த சாந்தை வைக்கலாம்.

அரைஞாண் கயிற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்டிருக்க வேண்டும். மழைக்காலத்தில் பருத்திக் கயிறு நாள் முழுவதும் ஈரமாகவே இருக்கிறது. அதன் அடியில், இடுப்பைச் சுற்றி, கோடு போட்டாற்போல் தோல் வெளுத்து ஊறி, பிறகு சிவந்து அரிக்கத் தொடங்குகிறது. குளித்தவுடன் கயிற்றையும் அதன் அடியையும் துவட்டுவதும், பழைய கயிற்றை அடிக்கடி மாற்றுவதும், தோல் சிவந்திருக்கும்போது சில நாட்கள் கழற்றி வைப்பதும் போதுமான தீர்வு.

கோடையில் உடம்பெல்லாம் வேர்க்குரு, பவுடர் போடலாமா?

2024 ஏப்ரல் 28 அன்று சௌக் நகரில் 48.2 பாகை செல்சியஸ் பதிவானது. அப்படிப்பட்ட கோடையில் மின்சாரமும் நின்று மின்விசிறி சுழலாமல் போனால், வியர்வைக் குழாய்கள் அடைபட்டு வேர்க்குரு பொங்குவதில் வியப்பில்லை. பவுடர் அந்த அடைப்பைத் திறப்பதில்லை, வியர்வையோடு குழைந்து மேலும் அடைக்கிறது. தவிர, டால்க் தூளைக் குழந்தை மூச்சோடு உள்ளிழுப்பது நுரையீரலுக்கு ஆபத்தானது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024-இல் டால்க்கைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ள பொருட்களின் வரிசையில் வைத்திருக்கிறது.

குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் ஒரு நாளைக்குப் பலமுறை ஒற்றி எடுங்கள், கழுத்து மடிப்பையும் அக்குளையும் காற்றாட விடுங்கள், நைலான் சட்டையைக் கழற்றுங்கள். அரிப்பு மிகுந்தால் கலமைன் லோஷன் தடவலாம். இரண்டு மூன்று நாட்களில் அடங்கிவிடும். சீழ் கோத்தால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

துணி கட்டும் இடத்தில் சிவந்து போகிறதே?

ஈரத்துணியை உடனுக்குடன் மாற்றி, தண்ணீரால் மட்டும் கழுவி, உலரவிட்டு, ஜிங்க் ஆக்சைடு களிம்பையோ வாசலினையோ தடிப்பாகப் பூசினால் மூன்று நாட்களில் ஆறும். ஆறாமல் தொடை மடிப்புக்குள்ளும் சிவந்து, சுற்றிலும் சிறு சிவப்புப் புள்ளிகள் தெறித்தாற்போல் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று; குளோட்ரிமசோல் களிம்பு தேவைப்படும்.

கரப்பானுக்குக் கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்த வேண்டுமா?

‘கரப்பான் பண்டம்’ என்று நம் பெரியோர் ஒதுக்கும் பட்டியலில் கத்தரிக்காய், கருவாடு, இறால் எல்லாம் உண்டு. பர்மாவுக்கு வந்தபின் ஙப்பி என்னும் புளிக்கவைத்த மீன் விழுதும் அதில் சேர்ந்துகொண்டது. குறிப்பிட்ட ஒன்றைத் தின்ற சிறிது நேரத்தில் உதடு வீங்குவதோ, உடலெங்கும் தடிப்பதோ, வாந்தி எடுப்பதோ இருந்தால் அந்த ஒன்றை நிறுத்தி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல், வளரும் குழந்தையின் தட்டிலிருந்து மீனையும் முட்டையையும் பாலையும் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவதால் கரப்பான் குறைவதில்லை, குழந்தைதான் மெலிகிறது.

கரப்பான் என்பது தோலின் மேலடுக்கு ஈரத்தைத் தக்கவைத்துக்கொள்ள முடியாமல் போவதால் வரும் நீண்டகாலத் தொல்லை, அது தொற்றாது. சிசுக்களுக்குக் கன்னத்திலும், வளர்ந்த பிள்ளைகளுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் அரிப்போடு தோன்றும். மருந்து எதுவாயினும் முதல் வேலை ஈரப்பூச்சுதான்: சோப்பைக் குறைத்துக் குளிப்பாட்டி, ஈரம் காயுமுன் மூன்று நிமிடத்துக்குள் வாசலினையோ வாசனை சேர்க்காத களிம்பையோ உடல் முழுவதும் பூச வேண்டும், பிறகும் ஒருமுறையாவது பூச வேண்டும். சின்னக் குழாயில் வாங்கிப் பட்டாணி அளவு தடவினால் பலன் இராது. வாரத்திற்குக் கால் கிலோ வரை செலவாகலாம். எனவே பெரிய டப்பா வாசலினே நம் வருவாய்க்கு ஏற்றது.

சிவந்து அரிக்கும் நாட்களில் மருத்துவர் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு எழுதிக்கொடுத்தால் அஞ்ச வேண்டாம். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனிக் கணு நீளத்திற்குப் பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமான இடத்துக்குப் போதும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டவுடன் இரண்டே நாளில் நிறுத்திவிடும் பெற்றோரும் உண்டு, கடைக்காரர் கொடுத்த வலுவான ஸ்டீராய்டை மாதக்கணக்கில் பூசும் பெற்றோரும் உண்டு; இரண்டும் குழந்தைக்குக் கேடு.

இரவில் சொறிந்துகொண்டே இருக்கிறான். மருந்து பூசியும் சிரங்கு திரும்பத் திரும்ப வருகிறது. ஏன்?

விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றிய இடம், ஆண் குழந்தையானால் பிறப்புறுப்பு ஆகியவற்றில் சிறு பருக்கள் இருந்து, இரவில் அரிப்பு மிகுந்தால், அது பெரும்பாலும் சொறிசிரங்குதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை உண்ணி தோலைத் துளைத்து முட்டையிடுவதால் அது உண்டாகிறது. சிசுக்களுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகம் ஆகிய இடங்களிலும் வரும். சுத்தமில்லாத வீட்டில்தான் வரும் என்பது பொய்; ஒரே பாயில் நெருங்கிப் படுக்கும் எந்த வீட்டிலும், விடுதியிலும், மடத்திலும் வரும்.

திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் மருந்தன்று, முறை. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே சொறியாத அப்பாவும் தாத்தாவும் அதற்குள் உண்ணியைச் சுமந்துகொண்டிருப்பார்கள். பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசினால் அடுத்த மாதம் அவர்களிடமிருந்து மீண்டும் வாங்கிக்கொள்வான். வீட்டில் உள்ள அனைவரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே இரவில் பூசிக்கொள்ள வேண்டும். இரண்டு மாதத்திற்கு மேற்பட்டோருக்கு 5 சதவீதப் பெர்மெத்ரின் களிம்பை, உலர்ந்த குளிர்ந்த தோலில், கழுத்து முதல் உள்ளங்கால் வரை, நக இடுக்கையும் விட்டுவிடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து காலையில் குளிக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்குக் கண்ணையும் வாயையும் தவிர்த்துத் தலைக்கும் முகத்துக்கும் பூச வேண்டும். இரவில் கை கழுவினால் கைக்கு மட்டும் மறுபடி பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து அனைவருக்கும் இன்னொரு முறை.

பெர்மெத்ரின் கிடைக்காத ஊர்களில் பென்சைல் பென்சோயேட் கிடைக்கும். பெரியவர்களுக்கான 25 சதவீத மருந்தை அப்படியே குழந்தைக்குப் பூசினால் எரியும், மருத்துவர் சொல்லும் அளவில் தண்ணீர் கலந்தே பூச வேண்டும். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட சிசுவுக்குக் கந்தகக் களிம்பு கொடுப்பார்கள். பூசிய மறுநாள் காலையில் போர்வை, தலையணை உறை, உடை அனைத்தையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். மழையில் துவைக்க இயலாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் மூன்று நாட்களுக்கு மேல் இறுகக் கட்டி வைத்தால் உண்ணி இறந்துவிடும். பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு நீடிக்கலாம். அது மருந்து தோற்றதன் அடையாளமன்று. அதைக் கண்டு நாள்தோறும் மருந்தை அப்பினால் தோல்தான் வெந்து போகும்.

மருந்துக்கடையில் கொடுத்த களிம்பு பூசியதும் படர்தாமரை மறைந்தது, நிறுத்தியதும் இருமடங்காக வந்தது. அது என்ன களிம்பு?

அநேகமாக அதில் குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் போன்ற வலுவான ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும். ஆனால் பூஞ்சையை எதிர்க்கும் உடலின் வலிமையையும் சேர்த்து அடக்குவதால், பூஞ்சை சத்தமில்லாமல் படர்கிறது. வட்டத்தின் விளிம்பு தெளிவிழந்து, மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகிறது. நெடுநாள் பூசிய இடத்தில் தோல் மெலிந்து, தொடையிலும் அக்குளிலும் நீக்க முடியாத கோடுகள் விழுகின்றன. மடித்த தாளிலும் சின்ன டப்பியிலும் பெயரில்லாமல் விற்கும் கலவைக் களிம்பை எந்தக் காரணத்திற்காகவும் குழந்தைக்குப் பூச வேண்டாம். பெயர் உள்ளதானாலும் உறையில் உள்ள மருந்துகளின் பெயர்களை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உடலில் உள்ள படர்தாமரைக்குக் குளோட்ரிமசோல் களிம்பை மட்டும், நாளைக்கு இருமுறை, வட்டத்துக்கு வெளியே இரண்டு விரற்கடை வரை சேர்த்து, இரண்டு முதல் நான்கு வாரம் பூச வேண்டும். மறைந்த பின்பும் ஒரு வாரமாவது தொடர வேண்டும். மழைக்காலத்தில் நனைந்த பள்ளிச் சட்டையோடும் லோஞ்சியோடும் மாலை வரை உட்கார்ந்திருப்பதும், திஞ்சான் என்னும் பர்மியத் தண்ணீர்த் திருவிழா நாட்களில் காலை முதல் இரவு வரை ஈரத்துணியில் ஆடுவதும் இதற்கு நல்ல விளைநிலம். வீட்டுக்கு வந்தவுடன் உடை மாற்ற வேண்டும். ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்ள வேண்டும். தலையில் முடி உதிர்ந்து செதில் செதிலாக வட்டம் தோன்றினால் களிம்பால் தீராது. மருத்துவர் சொல்படி வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும்.

முகத்தில் வெளிறிய திட்டுகள்: பூச்சி மருந்து கொடுக்கலாமா? சுண்ணாம்புச் சத்துக் குறைவா?

இரண்டும் இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகளின் கன்னத்தில் விளிம்பு மங்கிய, இலேசாகச் செதிலடிக்கும் வெளிறிய திட்டு, வறண்ட தோலின் விளைவு. வெயிலில் சுற்றுப்புறம் கறுக்கும்போது எடுப்பாகத் தெரியும். ஈரப்பூச்சு போதும், நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். பால் வெள்ளையாக, விளிம்பு தெளிவாக இருந்தால் வெண்புள்ளியாக இருக்கலாம்.

திட்டில் உணர்ச்சி இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். குழந்தையின் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் திட்டின் மேல் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் தொழுநோய்ப் பரிசோதனை செய்தாக வேண்டும். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோயை 2003-இல் மியன்மார் நீக்கிவிட்டது என்றாலும் நோய் முற்றிலும் மறையவில்லை. கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் எடுத்தால் ஊனம் இல்லாமல் குணமாகும். மறைப்பதற்கு இதில் எதுவும் இல்லை.

மூக்கைச் சுற்றித் தேன் நிறப் பொருக்குடன் புண்கள் வருகின்றன.

அது கிருமித் தொற்று, வேகமாகப் பரவும். பொருக்கை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மெல்ல எடுத்து, மருத்துவர் தரும் முப்பிரோசின் அல்லது ஃபியூசிடிக் அமிலக் களிம்பைப் பூச வேண்டும். நகங்களை ஒட்ட வெட்ட வேண்டும். காய்ச்சல் இருந்தாலோ, புண்கள் பல இடங்களில் இருந்தாலோ, சுற்றிலும் சூடாக வீங்கி வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புண் ஆறிய மூன்று முதல் ஆறு வாரங்களுக்குள் காலையில் முகம் உப்பியிருப்பதும் சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்திருப்பதும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதன் அறிகுறிகள்; சிரங்குக்கும் சிறுநீருக்கும் என்ன தொடர்பு என்று எண்ணி மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

அம்மை வார்த்திருக்கும் குழந்தைக்கு மருந்து கொடுக்கலாமா, குளிப்பாட்டலாமா?

இரண்டும் செய்யலாம். மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதையும், வாசலில் வேப்பிலை செருகுவதையும், மூன்றாம் தண்ணீர் ஊற்றுவதையும் யாரும் தடுக்க வேண்டியதில்லை. வேப்பிலை கண்ட வீட்டுக்குள் வெளியார் நுழையாமல் இருப்பது தொற்றைத் தடுக்கவும் செய்கிறது. அதற்காகக் காய்ச்சலில் துடிக்கும் பிள்ளைக்குப் பாராசிட்டமால் கொடுக்காமல் இருப்பதிலும், பத்து நாள் உடம்பில் தண்ணீர் படாமல் வைத்திருப்பதிலும் பக்தி எதுவும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்க்காமல் குளிப்பாட்டினால் அரிப்புக் குறையும், கொப்புளங்களில் சீழ் பிடிக்காது. வேப்பிலையால் மெல்ல வருடலாம். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த விழுதை உடைந்த கொப்புளத்தின் மேல் அப்பக் கூடாது. ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் கடும் நோயை உண்டாக்கலாம். ஐபுப்ரோஃபெனையும் தவிர்க்க வேண்டும்.

கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரை சின்னம்மை தொற்றும். கருவுற்றிருக்கும் பெண்களும் சிசுக்களும் அந்த அறைக்குள் வரக் கூடாது. மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, மயக்கம், தள்ளாடும் நடை ஆகியவற்றில் எது தோன்றினாலும் விரதமும் தீட்டும் பார்க்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

மழைக்காலத்தில் காய்ச்சலோடு உடம்பில் சிவப்புப் புள்ளிகள் வந்தால்?

டெங்குவை முதலில் நினைக்க வேண்டும். காய்ச்சல் இறங்கும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரைதான் ஆபத்து மிகுதி. வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், கை கால் சில்லிடுதல், சோர்ந்து உறங்கிக்கொண்டே இருத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. இதிலும் பாராசிட்டமால் மட்டுமே.

பெண் குழந்தை கறுப்பாக இருக்கிறாள். நிறம் தரும் கிரீம் பூசலாமா?

வேண்டாம். சந்தைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் வெளுப்பாக்கும் களிம்புகள் பலவற்றில் பாதரசமோ வலுவான ஸ்டீராய்டோ இருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. பாதரசம் தோல் வழியாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும்; தாய் பூசிக்கொண்டாலும் அவர் தொட்ட கையாலும் துடைத்த துண்டாலும் குழந்தைக்குச் சேரும். உறையில் உற்பத்தியாளர் பெயரும் உட்பொருள் பட்டியலும் இல்லாத களிம்பு ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதை மூடி ஒரு பையில் கட்டிக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.